பதில் சொல்லாத நாற்பத்தொரு பேர்

கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, வரிசை வரிசையாக விரலை ஓட்டித் தொண்ணூற்றொன்பதைத் தேடுகிறார் அக்கா. சராசரி போடுவதற்கு முன் இந்தச் சோதனையை அவர் ஒருநாளும் விட்டதில்லை. சூடு பட்டவர்.

பதினாறு வருடம் வீடு வீடாகப் படியேறிக் கேள்வி கேட்டவர். முழங்கால் மக்கர் செய்ய, வீட்டில் 'டாக்டர்கிட்ட அப்புறம் போய்க்கலாம்' என்றே இரண்டு வருடம் ஓட, நாற்பத்தெட்டு வயதில் கணினி முன் வந்து உட்கார்ந்தார். பதில் சொல்லாதவருக்குத் தொண்ணூற்றொன்பது என்று குறிப்பது அந்த ஆய்வு நிலையத்தின் வழக்கம். முதல் பாடத்திலேயே அதையும் சேர்த்துக் கூட்டி, பெண்ணுக்குச் சராசரியாக ஏழு பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் தொண்ணூத்தொம்பது அக்கா. கூப்பிட்டால் கோபம் வராது. "எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியார் அந்த நம்பர்தான்" என்பார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. ஒரு எண்ணைத் தொட்டதும் வீடு கண்ணில் வந்துவிடும். "இது பச்சைக் கதவு வீடு. நாய் உள்ளயே விடாது." கணக்கை விட்டுக் கதைக்குப் போகிறார் என்று துறைத் தலைவி அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. வேலை ஆமை வேகம்தான்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போயாக வேண்டும். 'உடம்புக்கு முடியாவிட்டால், நீங்கள் மருத்துவரிடம் போவதை யார் முடிவு செய்கிறார்கள்?' என்ற கேள்விக்கு நாற்பத்தொரு பெண்கள் வாய் திறக்கவில்லை. அவர்களை நீக்கிவிட்டால், பெரும்பாலோர் 'நானே' என்று சொன்னதாக முடிவு அழகாக வந்துவிடும். நீக்கச் சொல்லிவிட்டார் தலைவி. அக்காவுக்கு மனம் வரவில்லை. அலமாரியிலிருந்து காகிதப் படிவங்களை இறக்கி, கேள்வி கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஓரங்களில் தான் கிறுக்கி வைத்திருந்ததை இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினார். தனியாக இருந்தும் பதில் சொல்லாதவர்கள் ஐந்தே பேர். மற்ற முப்பத்தாறு பேரின் பக்கத்திலும் கணவரோ மாமியாரோ நின்றிருந்தார்கள்.

"தூக்கிட்டா அவங்க சொன்னது போயிடும் மேடம்."

"அவங்கதான் எதுவுமே சொல்லலையே அக்கா."

வெள்ளி மாலை வரை இந்த இழுபறி ஓடியது. அழைத்துப்போக வந்த அக்காவின் கணவர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரல் உயர்த்தத் தெரியாத, தங்கமான மனிதர். பெண்களுக்குக் கேள்வியே புரியாமல் போயிருக்குமோ என்று தலைவிக்கு ஒரு சந்தேகம். படிவத்தை எடுத்து, அதே கேள்வியை அக்காவிடமே நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

அக்கா கணவரைப் பார்த்தார்.

"சொல்லேன், இதுக்கென்ன யோசனை," என்றார் அவர், சிரித்தபடி.

அக்கா முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு கையை எடுத்து, விசைப்பலகையில் ஒன்பதை இரண்டு முறை அழுத்தினார்.