மொகிலி கணவாயில் ஆடிய ஸ்டியரிங்

புத்தூரிலிருந்து ராமகுப்பம் வரை ஜீப்பில் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். போன தை மாதம் நானும் கிளம்பினேன், பாதியில் திரும்பினேன். இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியை எடுங்கள்.

என் மனைவி கலாவின் அக்கா வீடு ராமகுப்பத்தைத் தாண்டி மல்பெரித் தோட்டத்துக்குள் இருக்கிறது. கடைசி நாலு கிலோமீட்டர் மண்பாதையில் என் பழைய ஜீப்பின் அடிப்பக்கம் ஒவ்வொரு முறையும் கல்லில் உரசும். அதனால் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டலாம் என்று முடிவு செய்தேன். கலாவின் தம்பி முரளி திருப்பதியில் இந்த வேலைதான் செய்கிறான். சொந்த மச்சான் இருக்கும்போது வேறு கடைக்குப் போனால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. அவனிடமே கொடுத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரி ஜீப்பில் முன் ஸ்பிரிங் பட்டையைத் தொங்கவிடும் ஷேக்கிளை நீளமாக்கினால் வண்டி உயரும். கூடவே முன் அச்சு கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அப்புறம் சக்கரத்துக்குத் தானாக நேருக்கு வரும் குணம் போய்விடும். அதைச் சரிக்கட்ட, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு மாதிரி சாய்வான ஒரு இரும்புத் துண்டை வைப்பார்கள். இதைப் படித்து வைத்திருந்ததால் முரளியிடம் கேட்டேன்.

"ஆப்பெல்லாம் போட்டாச்சு மாமா. என்னியே நம்பலனா வேற யார நம்புவ?" என்றான். நம்பினேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு நானும் கலாவும் கிளம்பினோம். ராமகுப்பத்து அக்காவைப் பார்க்க முரளியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். சித்தூர் வரை அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஸ்டியரிங் கொஞ்சம் அலைந்தது, புது வேலை, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். சித்தூரில் இட்லி சாப்பிட்டோம். பலமனேருக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

மொகிலி கணவாயில் ஒரு பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் தட்டியது. அவ்வளவுதான், ஸ்டியரிங் என் இரண்டு கைகளையும் உதறியது. முன்பக்கம் முழுக்க வெடவெடவென்று ஆட, பக்கத்தில் வந்த தக்காளி லாரியை நோக்கி வண்டி சாய்ந்தது. கலா கத்தவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவாக பிரேக் தொட்டு ஓரம் கட்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

முரளி இறங்கி சக்கரத்தை ஒரு உதை உதைத்தான். "திருஷ்டி மாமா. கெளம்பசொல்லோ எலுமிச்சம்பழம் நசுக்கினியா?" என்றான். பக்கத்துப் பெட்டிக்கடையில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் வாங்கி, பம்பரில் பக்தியோடு கட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு சித்தூருக்கே திரும்பி, அலைன்மென்ட் கடையில் ஏற்றினேன். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "எவரு சேசிந்தி சார் இது? ஆப்பு எங்க?" என்று, யார் செய்தது என்பதைத் தெலுங்கிலும் மிச்சத்தைத் தமிழிலும் கேட்டார். நானே அடியில் படுத்துப் பார்த்தேன். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கிவைக்கும் டேம்பர் மட்டும் புத்தம் புதிதாக மாட்டியிருந்தது. நான் கேட்காத டேம்பர். ஆடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே தன் அக்கா கலாவை முன்சீட்டில் உட்கார வைத்திருக்கிறான்.

"நான் போட்டேன் மாமா. எவனோ கழட்டிக்கினு பூட்டான்."

"அப்போ காணிப்பாக்கத்துல வந்து சொல்லு" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பேசித் தீராத வழக்கு காணிப்பாக்கம் கோயில் பிள்ளையார் முன்னால்தான் தீரும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியத்தைச் சாமி சும்மா விடாது என்று எல்லாருக்கும் பயம். சித்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.

வீம்புக்கு முரளியும் வந்தான், முழுகினான். தலையில் தண்ணீர் சொட்ட சன்னதியை நோக்கி நடந்தவனை, கலா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்டா. உனுக்கு ரெண்டு கொயந்தைங்க இருக்குது."

அவன் நின்றுவிட்டான். அதற்கு மேல் கேட்க மிச்சம் இல்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒரு இரும்புத் துண்டுக்காக என் தம்பிய சாமி முன்னால இஸ்துக்கினு வந்துட்டியே" என்றாள். கணவாயில் என் தோளைப் பிடித்திருந்த அதே கலாதான்.

அவர்கள் இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். சித்தூர் கடையில் ஆப்பு இல்லாததால், நான் ஜீப்பை முப்பதிலேயே திருப்பதிக்கு ஓட்டிப்போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் ஆப்பு வைத்து, அலைன்மென்ட் பார்த்தேன். ஒரே மதியத்தில் முடிந்த வேலை.

நீங்கள் வண்டியைத் தூக்கிக் கட்டினால், டேம்பரைக் கழற்றிவிட்டு முதலில் காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஆடினால் குறையைத் தேடுங்கள், டேம்பரால் மூடாதீர்கள். வேலை செய்தவர் சொந்தக்காரர் என்றால் வெட்கப்படாமல் அடியில் படுத்துப் பாருங்கள். அப்போது கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பங்குனியில் மறுபடி ராமகுப்பம் போனேன். கணவாயில் அதே பாலத்தில் தட்டியது, ஸ்டியரிங் அசையவில்லை. அக்கா வீட்டு மண்பாதையில் ஒரு கல் கூட உரசவில்லை. வாசலில் கலா நின்றிருந்தாள். என் ஜீப்பில் ஏறாமல், முந்தின நாளே தம்பியோடு பஸ்ஸில் வந்திருந்தாள்.