அழிந்துபோன கடைசி இலக்கம்

மல்வேர்னில் ஒரு பிளாசாவின் மூலையில் இருந்த வாகன லைசன்ஸ் ஒபிசில் செலீன் பதினொரு வருடம் வேலை செய்தாள். கவுண்டருக்கு வருகிற தமிழர்களுக்கு அவள் அடிக்கடி விளக்கியது ஒரே விஷயம்தான். ஒன்ராறியோவில் இலக்கத் தகடு ஆளுக்குச் சொந்தம். காரை விற்றால் தகட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இலங்கையில் அப்படியில்லை. அங்கே இலக்கம் வாகனத்தோடு ஒட்டியது. எத்தனை கை மாறினாலும் அதே இலக்கம்தான்.

அவளுடைய தம்பி பஸ்ரியன் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை லொறி ஓட்டியவன். 2009 மே மாதம் சண்டை முடிந்தபோது அவன் குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வேலை முடிந்ததும் செலீன் டவுன்ரவுனில் தமிழர்கள் நடத்திய போராட்டத்துக்குப் போய் நின்றாள். காலையில் வந்து இலக்கத் தகட்டில் ஒட்டும் ஸ்ரிக்கர் விற்றாள்.

யூலைக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் தொலைபேசி வந்தது. தம்பியின் மனைவி யோகமலர் வவுனியா முகாமிலிருந்து யாருடையதோ போனில் பேசினாள். வட்டுவாகல் பாலம் கடந்ததும், இயக்கத்தில் ஒரு நாளாவது வேலை செய்தவர்கள் பதிந்துவிட்டுப் போகலாம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். இயக்கத்தின் பங்கருக்கு லொறியில் மண் ஏற்றிய பஸ்ரியன், ஒளிக்க ஒன்றுமில்லை என்று முன்னால் போனான். அவர்களை ஒரு பஸ்சில் ஏற்றினார்கள்.

“மச்சாள், நான் பஸ்சின்ரை நம்பரைப் பாத்தனான். பேப்பர் இல்லை. மகள் அட்சயாவின்ரை கையிலை எழுதினனான். வேர்வையிலை கடைசி நம்பர் அழிஞ்சு போச்சு.”

“அழிஞ்சது ஒண்டுதானே? மிச்சத்தைச் சொல்லு.”

அறுபத்திரண்டு, பிறகு நான்கு, ஒன்று, ஏழு. முன்னால் மாகாண எழுத்து இல்லை. அப்படியென்றால் இரண்டாயிரத்துக்கு முன் பதிந்த பழைய பஸ் என்று செலீனுக்கு உடனே விளங்கியது. எந்த மாகாணத்தது என்று மட்டும் சொல்ல முடியாது.

அடுத்த நாள் கவுண்டரில் ஆள் இல்லாத நேரம் அவள் அந்த இலக்கத்தைத் தன் கணினியில் அடித்தாள். ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தேடலும் பதிவாகும், சொந்தத் தேவைக்குத் தேடக்கூடாது என்பதும் தெரியும். கடைசி இடத்தில் பூச்சியத்திலிருந்து ஒன்பதுவரை பத்துத் தடவை அடித்தாள். பத்துத் தடவையும் பதிவு இல்லை என்றே திரையில் வந்தது. அந்தக் கிழமையே மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்.

பத்து இலக்கங்களையும் கொழும்பில் அமிர்தநாதர் என்ற வழக்கறிஞருக்கு அனுப்பினாள். விடை ஒவ்வொன்றாக வர இரண்டரை வருடம் பிடித்தது. நான்கு பஸ்கள் முன்னமே உடைத்து விற்கப்பட்டவை. ஐந்து அந்த மே மாதம் முழுவதும் தெற்கிலேயே ஓடியவை. மிஞ்சிய ஒன்று வடமத்திய மாகாணத்தில் ஒரு டிப்போவைச் சேர்ந்தது. அதன் சாரதி ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார்.

அமிர்தநாதர் நேரே போய்ச் சந்தித்தார். சாரதி முதலில் கதைக்க மறுத்தாராம். பிறகு, ஓம், அன்று ஆட்களை ஏற்றினேன், ஒரு பள்ளிக்கூட வாசலில் இறக்கினேன், அங்கே நின்ற ஆமிக்காரர் எண்ணிப் பார்த்து எடுத்தார்கள், நான் வெறும் பஸ்சோடு திரும்பினேன் என்றார். எழுத்தில் தரமாட்டேன் என்றார். ஒருவனை மட்டும் அவருக்கு நினைவிருந்தது. பின்சீற்றில் இருந்து உடைந்த சிங்களத்தில், தானும் லொறிக்காரன்தான், கிளட்ச் தேய்ந்துபோய்க் கிடக்கிறது, ஏற்றத்தில் கவனம் என்று சொன்னானாம்.

அதைக் கேட்டதும் செலீன் போனைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அழுதாள். அது பஸ்ரியனேதான். யாருடைய வாகனத்தில் ஏறினாலும் அவன் வாய் சும்மா இருப்பதில்லை.

யோகமலர் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் தான் போன வருடம்தான் மாற்றலாகி வந்ததாகச் சொல்லி, இருவரையும் இருத்தித் தேநீர் கொடுத்தார். வாசலுக்கு வந்து யோகமலர் போன் எடுத்தாள்.

“இஞ்சை பிள்ளையள் விளையாடிக்கொண்டு நிக்குதுகள், மச்சாள். ஆரைக் கேக்கிறது?”

செலீன், அந்த நேரம் இருந்த முந்தின அதிபர் எந்த ஊருக்கு மாறிப் போனார் என்று கேட்டுவிட்டு வரச் சொன்னாள். யோகமலர் மறுபடி உள்ளே போனாள். அந்த அதிபர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.