அப்பாவின் குத்துக்கம்பி

போன வாரம் மகன் கொழும்பிலிருந்து வீடியோ கோல் எடுத்து, தான் வாங்கப்போகும் அடுக்குமாடி வீட்டைச் சுற்றிக் காட்டினான். பளபளவென்று டைல்ஸ், கண்ணாடிக் கதவு, எட்டிப் பார்த்தால் கடல் தெரிகிற பல்கனி. எல்லாம் பார்த்துவிட்டு நான் கேட்டது ஒன்றுதான்.

"கீழ முந்தி என்ன இருந்திச்சுனு கேட்டியா?"

"கீழ அடுத்தவங்க வீடும்மா."

"அதுக்கும் கீழ?"

"ஐயோ, தாத்தா மாதிரியே ஆரம்பிச்சிட்டீங்களா!" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

நீங்கள் இரத்தினபுரிப் பக்கத்து ஆள் இல்லையென்றால் உங்களுக்கும் சிரிப்புதான் வரும். எங்கள் பக்கம் மாணிக்கக் கல்லுக்காகத் தோண்டாத இடம் குறைவு. கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடைசியில் குழியை மூடுவார்கள். மேலே புல் முளைத்ததும் அதைக் காணித்துண்டு என்று விற்பார்கள். வாங்கினவர் அதன்மேல் வீடு கட்டுவார். அப்புறம் மழைக்காலம் வரும்.

வீடு கட்டுகிறவரை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். என் அப்பா சின்னையா பாஸ். றக்வானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கட்டட வேலைக்குக் கல் சுமக்க டவுனுக்கு இறங்கி வந்து, மெல்ல மெல்லச் சொந்தமாகக் கொந்தராத்து எடுக்குமளவுக்கு வளர்ந்தவர். தனியாக அவர் முதலில் கட்டியது ஒரு குசினி. காணிக்காரர் அங்கே பழைய குழி இருந்ததைத் தெரிந்தே மறைத்துவிட்டார். அடுத்த மழையில் அடுப்பும் அதன்மேல் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையும் ஒன்றாக மண்ணுக்குள் போய்விட்டன. அந்த வீட்டு அம்மா விறகெடுக்க வெளியே போயிருந்ததால் உயிர் தப்பினார்.

அன்றோடு அப்பா எந்த மண்ணையும் நம்பவில்லை. மண்ணுக்குச் சொந்தக்காரரை அதைவிட நம்பவில்லை. கல் தேடும் ஆள் ஒருவரிடமிருந்து ஆளுயரத்துக்கும் மேலான இரும்புக் கம்பி ஒன்றை வாங்கினார். கல் தேடுகிறவர்கள் அதை மண்ணில் இறக்கி, அடியில் சரளை உரசுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். சரளை இருந்தால் கல்லும் இருக்கலாம். அப்பாவுக்கு அந்தச் சத்தம் வேண்டாம். கம்பி எங்கே சுலபமாக இறங்குகிறது என்பதுதான் அவர் கவலை. அங்கே அடியில் மூடிய குழி இருக்கும்.

வேலை எவ்வளவு தூரத்தில் நடந்தாலும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் எங்களுக்கு மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் பொட்டலம் இருக்கும். சீமெந்து தின்ற விரல்களுக்கு அம்மா தேங்காயெண்ணெய் தேய்ப்பார். அப்பா அப்படியே உட்கார்ந்துகொண்டு, ஒரு மாதம் ஊரில் இல்லாதவர் மாதிரி எங்களை ஒவ்வொருவராக விசாரிப்பார். யார் தும்மினார்கள், யார் சாப்பிடவில்லை, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னால் போச்சு, நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வகுப்புச் சுவரைத் தோளால் முட்டிப் பார்த்தார். டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வெட்கத்தில் நான் பெஞ்சுக்கு அடியில் ஒளியாத குறைதான்.

அதெல்லாம் சின்ன மானக்கேடு. பெரிய மானக்கேடு எனக்குக் கல்யாணம் பேசும்போது வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பஜாரில் புடவைக் கடை வைத்திருந்தவர்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வடையைக் கடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கூட. ஆனா இன்னொண்ணு தாங்க," என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்குப் பிடித்துப்போனது. அடுத்து எங்கள் பக்கத்து ஆட்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். அம்மா வெற்றிலைத் தட்டோடு கிளம்பினால், அப்பா சாக்கில் சுற்றிய கம்பியோடு நிற்கிறார்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இத தூக்கிட்டு வர்றீங்களே, ஒங்களுக்கு வெவஸ்த இருக்கா?"

"தட்ட நீ தூக்கு. கம்பிய நான் தூக்கிக்கிறேன்."

அங்கே நடந்ததை அம்மா ஒரு மாதிரி சொன்னார், பிறகு என் மாமியார் வேறு மாதிரி சொன்னார். இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடம் இதுதான். தேத்தண்ணி வந்ததும் அப்பா, "பின்பக்கம் கொஞ்சம் போய்ட்டு வர்றேனுங்க," என்று எழுந்தார். அவசரம் போலிருக்கிறது என்று அவர்களும் வழியைக் காட்டினார்கள். ஆளைக் காணோமே என்று மாமனார் போய்ப் பார்த்தால், குசினிக்குப் பின்னால் அப்பா கம்பியைக் குத்திக்கொண்டிருக்கிறார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி அது இறங்குகிறது. உருவி நுனியைப் பார்க்கிறார், மோந்தும் பார்க்கிறார். கல் தேடுகிறவர்கள் செய்வது அச்சு அசல் இதேதான்.

மாமனாரின் முகம் மாறிவிட்டது. "என்னங்க பாஸ், கீழ என்ன கெடக்குது?"

"ஒண்ணுமே கெடக்கலீங்க. அதுதான் பயமா இருக்கு. கோவிச்சுக்காதீங்க, இந்த வூட்டுக்கு என் புள்ளய அனுப்ப முடியாது."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்கு வந்த ஆத்திரம்! "ஒங்களுக்கு ஒலகத்துல யாரத்தான் நம்பத் தெரியும்?" என்று கத்தினேன். அப்பா மாலுபாணை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் தொடவில்லை. அவரும் அன்று சாப்பிடவில்லை.

அங்கே மாமனாருக்குத் தூக்கம் போய்விட்டது. பெண் கொடுக்க வந்த மனுசன் மண்ணைக் குத்தி, மோந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சம்பந்தத்தையும் முறிக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? கீழே கல் இருக்கிறது, ஆள் விட்டுக் காணியை அடிமாட்டு விலைக்குக் கேட்கப்போகிறான்! அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா யதார்த்தமாக வேலியைப் பற்றி ஏதோ விசாரிக்க, அவரும் அப்பாவின் ஆள்தான் என்று முடிவாகிவிட்டது. கடைப் பையன்களைக் குசினிக்குப் பின்னால் காவல் வைத்தார். அதுவும் போதாமல், அவர்கள் மேலும் சந்தேகம் வந்து, கல் தோண்டும் ஆட்களைக் கூட்டிவந்து தானே குழி வெட்டினார்.

கல் வரவில்லை. குழிச்சுவர் சரியாமல் முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டைகள் உளுத்துப்போய் வந்தன, அவற்றுக்கு இடையில் செருகியிருந்த பன்னை இலை மக்கி வந்தது, அப்புறம் கறுப்புத் தண்ணீர். யாரோ எப்போதோ தோண்டி மூடிய குழி, குசினிச் சுவருக்கு அடிவரைக்கும் போயிருந்தது. தினமும் அதன்மேல் நின்றுதான் மாமியார் சமைத்திருக்கிறார்.

கொட்டும் மழையில் குடையோடு மாமனார் எங்கள் வாசலுக்கு வந்தார். "நீங்க கல்லுக்குத்தான் குத்துறீங்கனு நெனச்சிட்டேன் பாஸ்."

"நீங்க தெரிஞ்சே மறைக்கிறீங்கனு நானும் நெனச்சேன், உள்ள வாங்க," என்றார் அப்பா.

பழைய குசினியை இடித்து, குழியைக் கருங்கல்லால் நிரப்பி, தள்ளிக் கெட்டியான இடத்தில் புதிதாக அத்திவாரம் போட்டு முடிக்கும்வரை அப்பா கல்யாணத்துக்கு நாள் குறிக்க விடவில்லை. மருமகளுக்கு முந்திச் சம்பந்தி குடி வந்துவிட்டார் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா ஓயவில்லை. ஒரு கையில் பலாப்பழம், மறு கையில் கம்பி. முதலில் பின்பக்கம், அப்புறம்தான் தேத்தண்ணி. "மாமா, நாங்க உள்ள இருக்கலாமா, வெளிய வந்துரவா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். அப்பா சிரிக்கவே மாட்டார். பிறகு என்னிடம், "நல்லா இருக்கியா?" என்பார். "நல்லா இருக்கேன்ப்பா," என்பேன். நம்பாமல் குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பார்.

அப்பா போனதும் ஒரு மழைக்காலத்தில்தான். றக்வானையில், அவர் பிறந்த தோட்டத்து மயானத்திலேயே அடக்கம் செய்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பாடையைத் தூக்குகிற நேரம் எனக்கு என்ன தோன்றியதோ, கதவுக்குப் பின்னால் இருந்த கம்பியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "குத்திப் பாத்துட்டு எறக்குங்க," என்றேன். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் கிண்டல் பண்ணவில்லை. வாங்கிக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தார்.

திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. "குழிக்குள்ள எறங்கி நாலு பக்கமும் குத்திப் பாத்தேன். கெட்டி மண்ணு. நீ பயப்படாத," என்றார். அதுவரை அழாத நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

கம்பியை அவர் அங்கே ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டார். மறுநாளே ஆள் அனுப்பினோம், காணோம். எடுத்தவன் இப்போது எங்கேயோ கல் தேடிக்கொண்டிருப்பான். எனக்கு நான்கைந்து பேர் மேல் சந்தேகம் இருக்கிறது, பேர் சொல்லவில்லை.

நேற்று மகன் மறுபடி கோல் எடுத்தான். "வந்து பாத்துட்டே சொல்லுங்கம்மா," என்றான். போகத்தான் போகிறேன். அந்த டைல்ஸில் எங்கே குத்துவது என்றுதான் தெரியவில்லை. வைக்கும்போது, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டான். இருக்கிறேன் என்றேன், நம்பி வைத்துவிட்டான். பஜாரில் பார்க்கிறவர்களும் கேட்கிறார்கள், இருக்கிறேன் என்றால் அவர்களும் நம்பிவிடுகிறார்கள். நான் சொல்வதை நம்பாமல் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வர எனக்கென்று ஒரு ஆள் இருந்தார். இப்போது இல்லை.