முதலில் என்ன செய்வீர்கள்?

பதினோரு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தவள், நர்ஸ் உரிமத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? கணவனுக்கு பஸ் ஓட்டும் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்ததும், பழைய சான்றிதழ் மட்டும் போதாது, இங்கேயும் தேர்வு எழுதியாக வேண்டும் என்றுவிட்டார்கள். அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. குளிப்பாட்டலாம், படுக்கை மாற்றலாம், ஊசியைத் தொடக்கூடாது.

மூன்றாம் முறைக்குப் பயிற்சிக் கேள்விப் புத்தகத்தைக் கணவனே கையில் எடுத்தான். அவள் துணி மடிப்பாள், அவன் வாசிப்பான். மருந்துப் பெயர்களை அவன் கடித்துக் குதறுவதைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இப்படி ஒரு கேள்வி. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மணி நேரம். நோயாளி, "என்னமோ மாதிரி இருக்கு" என்று புரண்டு புரண்டு படுக்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?

"டாக்டரைக் கூப்பிடுவேன்" என்றாள் அவள், யோசிக்காமலே.

"போய் அந்த ஆளைப் பாக்க மாட்டியா? பாக்காம டாக்டர்கிட்ட என்னத்தைச் சொல்லுவ?"

"உங்களுக்கு பஸ் ஓட்டத்தாங்க தெரியும். சும்மா வாசிங்க."

அவன் விடையைப் புரட்டினான். நாடியைப் பார், ரத்த அழுத்தத்தைப் பார், காயக்கட்டில் ரத்தம் கசிகிறதா என்று பார், பிறகு டாக்டர். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாததாங்க இது?" என்றாள் கடைசியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளியின் கட்டு ரத்தத்தில் நனைந்திருந்ததைப் பார்த்து, ஓடிப்போய்க் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆள் கூப்பிட்டாள். ஆள் பிழைத்துக்கொண்டார். பெரிய டாக்டரோ வார்டே பார்க்க, "உன்னை யாரு கை வைக்கச் சொன்னது?" என்று கத்தினார். அன்றிலிருந்து எது நடந்தாலும் முதலில் டாக்டருக்குத்தான் போன்.

கணவன் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு, "அந்த டாக்டரு இங்க இல்லம்மா. நீ கை வை" என்றான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் அவள் கட்டிலருகே போய் நின்றாள். மூச்சுத் திணறுகிறவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள், கைகால் நடுங்கி வியர்த்தவருக்குச் சர்க்கரை அளவு பார்த்தாள். நூற்றுக்கு ஐம்பத்தைந்தில் கிடந்த மதிப்பெண் எண்பதைத் தாண்டியது.

தேர்வன்று எண்பத்தைந்தாவது கேள்வியோடு கம்ப்யூட்டர் பட்டென்று நின்றுவிட்டது. பாஸா ஃபெயிலா என்று அதற்கு உறுதியானதும் கேள்வியை நிறுத்திவிடும்; நன்றாக எழுதினாலும் நிற்கும், மோசமாக எழுதினாலும் நிற்கும். எது என்று அது சொல்லாது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. பார்க்கப் பயந்து மகளிடம் நீட்டினாள். மகள் ஒரு முறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள்.

"அம்மா, பாஸும்மா!"

"பேரைச் சரியாப் பாத்தியா?"

"உன் பேருதாம்மா!"

அவள் துள்ளவில்லை, அழவும் இல்லை. "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். இல்லத்து உடுப்பைக்கூட மாற்றாமல் சோபாவில் சாய்ந்தவள் கண் அசந்துவிட்டாள்.

கணவன் கதவைத் திறந்துகொண்டு, "என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தான்.

மகள் உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவாப்பா. நர்ஸம்மா தூங்குறாங்க."