இடது ஓரத்துக்கு ஆள் இல்லை

இன்று குற்றாலம் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மாணவர்கள், இந்த வருஷக் கல்லூரிக் கால்பந்துக் கோப்பை யாருக்கு என்று அலசிக்கொண்டு வந்தார்கள்.

“பாளையங்கோட்டைக்காரனுவதாம்லே ஜெயிப்பானுவ. நம்ம டீம்ல இடது ஓரத்துக்கு ஆளே இல்ல.”

“ஏம்லே, காசிம் அண்ணன் எங்க?”

“படிப்ப விட்டாச்சு. வார வெள்ளிக்கிழமை மாமா மவளோட நிக்காஹ். மறு வாரமே மாமனாரோட கொழும்புக் கடைக்குப் போயிருவாரு.”

‘கோப்பையை ஜெயித்ததும் உன் வீட்டில் வந்து பேசுவேன்’ என்று காசிம் எனக்கு எழுதிய கடிதம், மடியிலிருந்த புத்தகத்துக்குள் இருந்தது. போன வாரம்தான் வந்தது.

கேள்வி கேட்டவன் அலட்டிக்கொள்ளவில்லை.

“விடுலே. புது ஆளு பத்து நாள் பழகுனா, அவரு இல்லாததே தெரியாது.”

பத்து நாளாம்.

பந்தையே தொடாதவர்களுக்கு எத்தனை நாள் ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.