அத்தானுக்குக் கனவு வரவில்லை

என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள். நத்தாருக்கு இயேசு பாலன் குடிலில் வைக்கும், மாதாவின் கணவரான சூசையப்பரின் சுரூபத்தைத் துடைக்கும்போதெல்லாம் அத்தானின் நினைவு வருகிறது.

பூசை தமிழுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்காவுக்கும் அத்தானுக்கும் தையில் கலியாணம் என்று பேசியிருந்தது. எங்கள் வழக்கப்படி இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பங்குச் சுவாமியாரிடம் சொல்லவேண்டும். இரண்டாம் ஓலைக்குப் பிறகு அக்காவின் வயிறு ஊதியிருப்பது சேலைக்கு மேலாலும் தெரிந்தது. சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள். "நான் ஒரு பிழையும் செய்யேல்லை" என்று எங்களிடமும் அத்தானிடமும் சொன்னாள். அம்மா நம்பினாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

எங்கள் ஊர் அன்புவழிபுரம். அத்தானும் நானும் துறைமுகத்தில் ஒரே பட்டறையில் வேலை. தேநீர் நேரத்தில் ஒருவன் அக்காவை இழுத்து, எல்லோருக்கும் கேட்க என்னிடம், "என்னடா, உன்ர கொக்கா ரெண்டாம் மாதாவோ? சம்மனசு அன்புவழிபுரத்துக்கும் வந்திட்டுதோ?" என்றான். சிரித்தார்கள். அத்தான் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மாதா கன்னியாகவே கருத்தரித்தார் என்று சின்ன வயதிலிருந்து விசுவாச மந்திரத்தில் சொல்லி வந்தவன் நான். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் சம்மனசு என்ற தேவதூதர் வரும்போது மாதாவின் பக்கத்தில் வேறொருவரும் இருந்ததாக இல்லை. சாட்சி அவர் மட்டும்தான். கூடப்பிறந்தவளின் சொல்லையே நம்பத் தயங்கும் நான், அந்தத் தாயை எப்படி நம்பினேன்? அக்காவின் கலியாணத்தோடு என் விசுவாசமும் போய்விடுமோ என்று பயந்தேன்.

சனிக்கிழமை அத்தான் சுவாமியாரின் அறைக்குள் போவதைக் கண்டேன். ஓலையை நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தேயு வாசகம். தனக்கு நிச்சயித்த மரியாள் கர்ப்பம் என்று அறிந்து வெளியில் தெரியாமல் விலக்கிவிட நினைத்த சூசையப்பருக்கு, அவளை ஏற்றுக்கொள் என்று கனவில் வந்த செய்தியும், கன்னி ஒருத்தி கருத்தரிப்பாள் என்று எசாயா தீர்க்கதரிசி முன்னே சொன்னதும் அதில் வரும். தமிழில் வாசித்ததால் எல்லோருக்கும் விளங்கியது. தலைகள் அத்தான் பக்கம் திரும்பின. பிறகு சுவாமியார் ஓலையை எடுத்தார். மூன்றாவது தரமும் அக்காவின் பெயரும் அத்தானின் பெயரும் சேர்ந்தே கேட்டன. ஒருவரும் தடை சொல்லவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் கேட்டுத்தான் அத்தான் சனிக்கிழமை சுவாமியாரிடம் போயிருந்தார். திங்கட்கிழமை டொக்டரின் கதவுக்கு வெளியே நின்றபோது, "உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

"சூசையப்பருக்குக் கனவு வந்தது, மச்சான். எனக்கு ஒண்டும் வரேல்லை. அவ சொன்னவ, நான் நம்பினனான். பயம் இல்லையெண்டு சொல்ல ஏலாது."

வயிற்றில் கட்டி என்றார் டொக்டர். அக்கா பிழைப்பாளா என்ற பயம் தொடங்கியது. பிழைத்தாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம் நடந்தது. பிள்ளை இல்லை.

இந்த நத்தாருக்கு அத்தான் உயிரோடு இல்லை. நேற்று குடில் பார்க்க வந்த அக்கா, "ஏன் சூசையப்பரைத் தள்ளி வைச்சிருக்கிறாய்? மாதாவுக்குக் கிட்ட வை" என்றாள். வைத்தேன்.

மார்கழி 23, 1981.