எங்களை வெளியே அனுப்பியவர்

கல்முனையில் காணி, வீட்டு உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் போனபோது என் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. காணி வாங்க என்னிடம் கடன் கேட்டவன் என் நண்பன். வீட்டை ஈடு வைப்பதாகச் சொன்னவனும் அவன்தான். வியர்த்தது எனக்கு. எழுதாமல் கொடுத்தால் காசு போகும், எழுதக் கேட்டால் சினேகிதம் போகும் என்ற பயம்.

நொத்தாரிசு ஒல்லியானவர். யாராவது பகிடி விட்டால் பேனையை மூடிவிடுவார். நானோ பயந்தால் பகிடி விடுகிறவன்.

“வீட்டு உறுதி ஆர்ட பேர்ல?”

“பொஞ்சாதிட பேர்ல, சேர். சீதன வீடு,” என்றான் நண்பன்.

“அப்ப நீங்க என்னத்த ஈடு வெக்கிற?”

“எங்கட ஊர்ல ஆம்புளைக்குச் சொந்தம் மோட்டார்சைக்கிள்தான், சேர். அதுவும் லீசிங் கடன்,” என்றேன். அவர் பேனையை மூடினார்.

“அவவக் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் நண்பனின் மனைவி வந்ததும், “எங்க கையெழுத்து வெக்கிற?” என்றுதான் கேட்டார். நொத்தாரிசு அவரையும் தட்டச்சுப் பெண்ணையும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்.

“மச்சான், வீட்ட நான் எடுத்தா நீ எங்க போவாய்?” என்றேன்.

“உன்ட பொஞ்சாதிட வீட்டுக்கு.”

நொத்தாரிசு எங்களைத் திரும்பக் கூப்பிட்டு, “இவ வீட்டத் தரமாட்டாவாம். வாங்கிற காணியையே ஈடு எழுதுவம்,” என்றார். நண்பன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். நானும்தான்.

உள்ளே அவர் என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் நண்பனின் மனைவி வீட்டை ஈடு வைக்கக் கையெழுத்து வைத்திருப்பார் என்பது மட்டும் தெரியும்.